கார்வன் கணவாய்க் கேட்டின் சாவி

தலைமை நாற்காலியைத் தன் பொறுமையால் நிரப்பி, கையில் மணியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்மன்றத் தலைவி கிர்ஸ்டி பால்பர்னி அம்மையார் அவர்களே! ஞாயிறுதோறும் எங்களைத் திருத்தி, திங்கள்தோறும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் போதகர் ஐயா அவர்களே! முன்வரிசையில் முழங்காலைக் கம்பளியால் மூடி, காதை மட்டும் திறந்து வைத்திருக்கும் மூத்தோர்களே! பின்னல் ஊசியையும் விடாமல், என் பேச்சில் ஒரு பொய்யையும் விடாமல், இரண்டையும் ஒரே கையில் பிடிக்கும் தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரம் நிற்கும் கோல்ஃப் சங்கத்துக் கனவான்களே! இன்வர்கார்வன் என்னும் இந்த ஈடிணையற்ற ஊரின் இனியவர்களே! ஆர்ச்சி பிட்கீத்லி என்னும் இந்த ஏழை வேன் ஓட்டியின் இதயம் கனிந்த மாலை வணக்கம்.

தலைவி எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். தும்முவதற்கே எனக்கு ஏழு நிமிடம் பிடிக்கும். இருந்தாலும் அம்மையாரின் மணிக்கு நான் அஞ்சுகிறேன்.

அன்பர்களே! பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆனால் முப்பத்தோரு வருடம் வேனில் ஊர்சுற்றிக் காட்டியவனுக்குத் தெரியாத பூகோளம் உண்டா? நான் பார்க்காத மலை இல்லை. என்னைப் பார்க்காத மலையும் இல்லை. ஆண்டவன் இந்த நாட்டைப் படைத்தபோது, தெற்கே வயலை விரித்தான். வடக்கே மலையை நிறுத்தினான். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதைப் பார்த்து, ‘இங்கே ஒரு பெட்ரோல் பம்ப் இருந்தால் நன்றாயிருக்குமே’ என்று எண்ணினான். அப்படி எழுந்ததுதான் நம் ஊர்! போதகர் ஐயா தலையை ஆட்டுகிறார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று நான் கவனிக்கவில்லை.

மலைநாட்டின் வாசல் எது? கீழே இருக்கும் ஸ்ட்ராத்பெக் ஊர்க்காரர்கள் ஒரு பலகையை நட்டு, அதில் ஒரு கலைமானை வரைந்து, ‘மலைநாட்டின் வாசல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மான் என்று சொன்னால் மான் வழக்குப் போடும்! அந்த ஊரில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? தீவனக் கிடங்கு தெரியும். இன்னும் நன்றாகப் பார்த்தால் இன்னொரு தீவனக் கிடங்கு தெரியும். நம் ஊரில்? தேவாலயத்தைத் தாண்டினால் கடைசி வீடு. கடைசி வீட்டைத் தாண்டினால் மார்சலி கெட்டிஸ் அம்மாவின் பெட்ரோல் பம்ப். பம்ப்பைத் தாண்டினால் பனிக்காலத்தில் பாதையை அடைக்கும் அந்தச் சிவப்பு வெள்ளை இரும்புக் கேட்டு. கேட்டைத் தாண்டினால் பாதை நிமிர்ந்து எழுந்து கணவாய் ஏறுகிறது. முதல் வளைவில் கார்வன் நதி காலடிக்குப் போய்விடும். இரண்டாம் வளைவில் ஊர் உள்ளங்கைக்குள் வந்துவிடும். மூன்றாம் வளைவில்...

மூன்றாம் வளைவில் என்ன நடக்கும் என்பது என் வேனில் ஏறிய எல்லோருக்கும் தெரியும். அதுவரை நான் வாயை மூடுவதில்லை. அரசர்கள் எங்கே ஒளிந்தார்கள், அரக்கர்கள் எங்கே குளித்தார்கள், என் பாட்டனார் எந்தப் பாறையைத் தனியாகத் தூக்கி ஓரமாக வைத்தார், எல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். மூன்றாம் வளைவில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றைவிட ஒன்று நீலமாக, கடைசி மலைக்கும் வானத்துக்கும் வேறுபாடு தெரியாதபடி நிற்கும். அங்கே வண்டியை நிறுத்துவேன். என்ஜினை அணைப்பேன். நானும் அணைந்துவிடுவேன். என்ன சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்கே தெரிகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

சரி. மணிக்குக் கை போகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நம் முன்னால் இருக்கும் தீர்மானம் என்ன? நம் மரியாதைக்குரிய கம்பளிக்கடை லம்ஸ்டன் அவர்கள் கொண்டுவந்தது: பதினெட்டு வருடமாக மார்சலியிடம் இருக்கும் கேட்டுச் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும்; எண்பது மைல் தள்ளியிருக்கும் அலுவலகம் ஒன்று கேமராவில் பார்த்துக் கேட்டை மூடட்டும், திறக்கட்டும். காரணம் என்ன? பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. அன்று காலை வானம் எப்படி இருந்தது? துவைத்துக் காயப்போட்ட நீலம்! ஊரில் ஒரு துளிப் பனி இருந்ததா? இல்லை. அப்படியிருக்க, காலை ஒன்பது நாற்பதுக்கு மார்சலி கேட்டை மூடினார். பத்து மணிக்கு வந்த வடக்குப் பேருந்து நின்றது. நாற்பத்தொரு பேர் இறங்கினார்கள். ஹோட்டல் நிறைந்தது. நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். கேட்டில் சிவப்பு விளக்கு மின்னினால் நின்றுபோன பயணிகளுக்காக ஒவ்வொரு வீட்டிலும் சூப் பானையில் இன்னும் இரண்டு கை பார்லி விழும், கதவுத் தாழ்ப்பாள் திறக்கும். அன்றும் விழுந்தது, திறந்தது. மறுநாள் காலை பார்த்தால் பாதை கறுப்பாகப் பளபளக்கிறது! பனியை வழிக்க வந்த வண்டிக்கு வழிக்க ஒன்றுமில்லை.

‘எதைப் பார்த்தும்மா மூடினே?’ என்று கேட்டார் லம்ஸ்டன்.

‘மானைப் பாத்து’ என்றார் மார்சலி.

சிரித்தோமா இல்லையா? எல்லோரும் சிரித்தோம். கோல்ஃப் மைதானத்து ஒன்பதாம் குழிக்குப் பட்டப்பகலில் இருபது பெண்மான்கள் இறங்கி வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றனவாம். மேலே பழைய பனியைக் காற்று கிளப்பத் தொடங்கினால்தான் அவை அப்படி வரும் என்றார் மார்சலி. கதவோரக் கனவான்களே, மான்கள் வந்தது உண்மைதானே? குளம்பால் புல்லைக் கிழித்துவிட்டன என்று புகார் எழுதியதே நீங்கள்தான்!

ஆனால் மான் சாட்சி சொல்லாது. ஒரு கடிதம் சொன்னது. திருமதி ஹெப்பர்ன் என்னும் அம்மையார் எழுதிய கடிதம். சற்று முன் லம்ஸ்டன் படித்தார். மறுபடி சொல்ல எனக்கு நா எழவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவர் அந்தப் பேருந்தில் இருந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் மூன்று மணிக்கு அவருடைய அண்ணனுக்கு அடக்கம். போக முடியவில்லை. ‘பனிக்காக மூடினார்கள் என்றால் தாங்கிக்கொள்வேன். ஆனால் சூப் மிஞ்சினால் கேட்டை மூடுவோம் என்று அந்த ஊர்க்காரரே என்னிடம் சொன்னார்’ என்று எழுதியிருக்கிறார்.

லம்ஸ்டன் இதைப் படித்ததும் இந்த மண்டபத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். யார் சொல்லியிருப்பார்? எந்த அறிவுகெட்டவன் சொல்லியிருப்பான்?

நான்தான்.

சிரிக்காதீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். என்ன டாம்? ‘நெனச்சேன்’ என்கிறாயா? நினைத்திருப்பாய். கசாப்புக்கடை டாம் விஷார்ட் நினைக்காத கெட்டது உண்டா? ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை.

அன்று பதினொன்றரை மணி இருக்கும். ஹோட்டல் கூடத்தில் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர் வாசலில் வந்தவர் முகம் வாடினால் இந்த ஆர்ச்சிக்குப் பொறுக்குமா? நாற்காலியில் ஏறி நின்று கதை அளந்தேன். ஜன்னலோரம் கறுப்புக் கோட்டோடு ஒரு அம்மா மட்டும் என்னைப் பார்த்து, ‘ஐயா, நீங்க இந்த ஊர்க்காரர்தானே? நெசமாவே மேல பனி இருக்கா?’ என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘தெரியாதும்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லையே! ‘பனியாவது ஒண்ணாவது! எங்க ஊர்ல சூப் மிஞ்சிப்போச்சுன்னா கேட்டை மூடிடுவோம்மா’ என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தைத்தது. பக்கத்தில் போய், ‘கவலப்படாதீங்கம்மா, நான் மேல போய்ப் பாத்துட்டு வரேன். பாதை நல்லாருந்தா நானே உங்களைக் கொண்டுபோய் விடறேன். ஒரு மணி நேரத்துல வந்து சொல்றேன்’ என்றேன்.

‘வந்து சொல்லுவீங்களா?’

‘ஆர்ச்சி சொன்னா சொன்னதுதாம்மா.’

அன்பர்களே! கேட்டு பூட்டியிருந்தது. ஆனால் கேட்டுக்கு முன்னால் இடதுபக்கம் மரம் இழுக்கிற காட்டுப்பாதை ஒன்று உண்டு. அது கேட்டுக்கு மேலே போய்ச் சாலையில் சேரும். அது நமக்கெல்லாம் தெரியும், அதில் போகக் கூடாது என்பதும் நமக்கெல்லாம் தெரியும். பன்னிரண்டு மணிக்கு நான் அதில் போனேன். முதல் வளைவில் வெயில். ‘மார்சலிக்குக் கண் போய்விட்டது’ என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன். இரண்டாம் வளைவில் சாலையின் குறுக்கே வெள்ளையாகப் புகைபோல ஏதோ ஊர்ந்தது. மூன்றாம் வளைவில்...

மூன்றாம் வளைவில் மலை இல்லை. வானம் இல்லை. சாலை இல்லை. மேலிருந்து ஒரு பொட்டுப் பனியும் விழவில்லை. கிடந்த பனிதான் எழுந்து நின்றது. நான் இதைப் பெரிதாக்கிச் சொல்லவில்லை. எப்படிப் பெரிதாக்குவது என்றே தெரியவில்லை. நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. வண்டி ஓரத்துக் குவியலில் போய் முட்டி நின்றது. பத்து நிமிடத்தில் கதவு திறக்கவில்லை. அரை மணியில் ஜன்னல் பாதி மூடிவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் பேசவில்லை, பேச யாருமில்லை. ஒன்றே ஒன்றை நினைத்தேன். நாற்பத்தொரு பேர் இருந்த அந்தப் பேருந்து இங்கே இருந்திருந்தால்?

பிறகு கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். காட்டுப்பாதையில் என் சக்கரத் தடத்தைப் பார்த்துவிட்டு, பம்ப்பின் பழைய டிராக்டரை எடுத்துக்கொண்டு மார்சலி வந்திருந்தார். டிராக்டரும் ஓரளவுக்குமேல் ஏறவில்லை. அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டி, கயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது.

‘என்னய்யா பண்றே இங்க?’ என்றார்.

‘காட்சி பாக்கலாம்னு வந்தேன் மார்சலி.’

‘பாத்தாச்சா?’

‘பாத்தாச்சு.’

‘அப்ப வா, போலாம். மத்தியானச் சாப்பாடு போச்சு உன்னால.’

டிராக்டரிலிருந்து நீளச் சங்கிலி போட்டு வண்டியை இழுத்தார். இழுத்தபோது சங்கிலி துள்ளி அடித்து, என் வேனின் இடதுபக்கக் கண்ணாடி பிய்ந்து பனிக்குள் எங்கோ போயிற்று. கீழே வந்து சேர்ந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். ‘மார்சலி, கணவாய்ல ஒரு நாளும் மாட்டினதில்லேன்னு முப்பத்தோரு வருஷமா சொல்லிட்டு வரேன். ஊர்ல சொல்லிடாதே. என் மானம் போயிடும்.’

‘நான் ஏன்யா சொல்றேன்? நீதான் ஊருக்கே சொல்றவன்’ என்றார்.

அவ்வளவுதான். அவர் சொல்லவில்லை.

நான் ஹோட்டலுக்குப் போனேனா? அந்தக் கறுப்புக் கோட்டு அம்மாவிடம், ‘மேலே பனி இருக்கிறதம்மா, நான் பார்த்தேன், போனால் பிழைக்க முடியாது’ என்று சொன்னேனா? இல்லை. உடம்பெல்லாம் நனைந்து, முகம் வெளுத்து, அந்தக் கூடத்துக்குள் போக எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். முதுகுவலி என்று சொல்லியனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொன்னவனுக்காக அந்த அம்மா மூன்று மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஹோட்டலில் சொன்னார்கள். வந்து சொல்லாதவன் எதைச் சொன்னதாக அர்த்தம்? சூப் கதைதான் உண்மை என்று சொன்னதாக அர்த்தம்! அவர் எழுதியதில் என்ன தவறு?

அன்று மாலை மேற்கேயிருந்து வெதுவெதுப்பான மழை வந்தது. பொழுது விடிவதற்குள் அத்தனை பனியையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மார்சலியின் சாட்சியையும் கரைத்துவிட்டது.

சற்று முன் இதே மேடையிலிருந்து தலைவி கேட்டாரே: ‘மார்சலி, மேல பனி இருந்துச்சுங்கறதுக்கு யாராவது சாட்சி உண்டா?’ மார்சலி எழுந்து நின்றார். என்னைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. ‘இல்லைங்க’ என்றார். உட்கார்ந்தார்.

தாய்மார்களே! எனக்குக் கொடுத்த ஒரு வார்த்தைக்காகத் தன் சாவியை விட்டுக்கொடுக்க ஒருத்தி தயாராக இருக்கிறாள். நான் எதைக் காக்க உட்கார்ந்திருக்கிறேன்? கணவாயில் மாட்டாதவன் என்ற பெயரையா? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் பேசக் கை தூக்கினேன். நீங்கள் எல்லோரும், ‘ஐயோ, ஆர்ச்சியா’ என்றீர்கள்.

என்ன லம்ஸ்டன் ஐயா? ‘இதுவும் உன் கதைகள்ல ஒண்ணுதானே, எப்படிய்யா நம்புறது?’ என்கிறீர்களா? நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம்! முப்பத்தோரு வருடம் அளந்துவிட்டு, இன்று ஒன்றே ஒன்றை மட்டும் அளக்காமல் சொல்கிறேன் என்றால் யார் நம்புவார்? எனக்குக் கிடைக்க வேண்டியதுதான் கிடைக்கிறது. ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டியதை மார்சலி தலையில் இறக்காதீர்கள். அதற்காகத்தான்...

யார் எழுந்தது? டாமா? உட்கார் டாம், நான் இன்னும்... என்ன? என்ன கண்ணாடி?

தலைவி அவர்களே, மணி அடிக்காதீர்கள். அவர் பேசட்டும். டாம், சத்தமாகச் சொல். நான் திருப்பிச் சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கட்டும். ‘மார்ச் மாசம் நாயைக் கூட்டிட்டு மூணாம் வளைவு வரைக்கும் நடந்தேன். வழி அடையாளத்துக்கு அடுக்கி வச்ச கல்லுக்கூம்பு பக்கத்துல வேன் கண்ணாடி ஒண்ணு கெடந்துச்சு. எடுத்துட்டு வந்து கடை பின்னால மாட்டிருக்கேன். கறி வெட்டறப்ப கதவுல யாரு வராங்கன்னு பாக்க’ என்கிறார். என்ன நிறம் டாம்? பச்சை விளிம்பா? பச்சை விளிம்பு!

என் வேனின் நிறம் என்ன? ஊருக்கே தெரியும். அந்தக் கண்ணாடி எப்படிப் போயிற்று என்று நான் உங்களுக்கெல்லாம் என்ன சொல்லியிருக்கிறேன்? ஆமாம் அம்மா, தேவாலய வாசலில் கலைமான் முட்டியது என்று சொன்னேன். பத்துக் கிளைக் கொம்பு என்று சொன்னேன். ‘போன வாரம் பதினாறு கெளைன்னு சொன்னே’ என்கிறார் அங்கே ஒருவர். வளர்ந்திருக்கும் ஐயா, நல்ல மேய்ச்சல். பன்னிரண்டாம் தேதி காலை, கண்ணாடி இல்லாமல் வந்து, ‘நேத்து மான் முட்டிடுச்சு’ என்று போதகர் ஐயாவிடமே சொன்னேன். பதினோராம் தேதி காலை அதே வேன் இரண்டு கண்ணாடியோடு அவர் வீட்டு வாசலில் நின்றது. ஐயா, உண்மைதானே? இந்த முறை எந்தப் பக்கம் தலையாட்டுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. நன்றி ஐயா.

என் பொய்யே எனக்குச் சாட்சியாக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

அன்பர்களே, லம்ஸ்டன் ஐயா கெட்டவர் அல்ல. ஊர்ப் பெயர் கெட்டுவிட்டதே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். வாசல் என்கிறோம், வாசல் என்று மார்தட்டுகிறோம், பலகைக்காக ஸ்ட்ராத்பெக்கோடு சண்டை போடுகிறோம். திறந்தே கிடப்பதை யாராவது வாசல் என்று சொல்வார்களா? சுவரில் ஓட்டை என்பார்கள். வருகிறவரை வரவேற்க யாரால்தான் முடியாது? நான்கூட வரவேற்பேன்! நீல வானத்தின் கீழே, நாற்பத்தொரு பேர் முறைக்க, அழுகிறவர் ஒருவர் கெஞ்ச, ஊரே சிரிக்க, ‘இன்று போகாதீர்கள்’ என்று சொல்லிக் கேட்டை மூட யாருக்கு நெஞ்சு இருக்கிறது? கேமராவுக்கா? கேமரா நீல வானத்தைப் பார்த்திருக்கும். நானும் நீல வானத்தைத்தான் பார்த்தேன். மார்சலி மானைப் பார்த்தார். மலை அழகானது என்று முப்பத்தோரு வருடம் நான் காட்டினேன். அந்த அழகைப் பார்த்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்றால், பதினெட்டு வருடமாக அதற்கு ஒரு சாவி காவல் இருந்திருக்கிறது. அந்தச் சாவி இருக்கும் இடம்தான் மலைநாட்டின் வாசல். பலகை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்!

திருமதி ஹெப்பர்ன் அம்மையாருக்கு நாளைக் காலை எழுதுகிறேன். கடிதத்தில் மான் வராது, பாட்டனார் வரமாட்டார். ‘மேலே பனி இருந்தது, நான் பார்த்தேன், வந்து சொல்லாமல் விட்டேன், மன்னியுங்கள்’ என்று மட்டும் இருக்கும். அவர் இசைந்தால், அண்ணனின் கல்லறைக்கு நானே அழைத்துப் போகிறேன். கேட்டு திறந்திருக்கும் நாளில். மூடலாமா திறக்கலாமா என்று மார்சலியைக் கேட்டுவிட்டு.

என்ன மார்சலி? ‘உக்காருய்யா, டீ ஆறுது’ என்கிறாயா? இதோ, இதோ.

மணியை அடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்த தலைவிக்கு நன்றி. அந்தக் கண்ணாடிக்காக டாம் விஷார்ட்டுக்கு நன்றி; அதுவும் அடுத்த மாதம் வரை மட்டும், பிறகு எங்கள் பழைய சண்டை தொடரும். நம்பினீர்களோ இல்லையோ, எழுந்து போகாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் வளைவில் மட்டும் பேச்சை நிறுத்தத் தெரிந்தவன் இன்று இந்த மேடையிலும் நிறுத்துகிறேன். வாக்கு உங்களுடையது, வாயை நான் மூடிக்கொள்கிறேன். சாவி மட்டும் மார்சலியிடமே இருக்கட்டும்.

எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.